நாணயமான மனுஷனுக்கு 578 மார்க்!

மதுரை காளவாசல் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். காற்றுப் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடை விரித்து, சின்ன மேஜை போட்டு, டை கட்டிய பையன் ஒருவன் நிற்பான். "சார், கிரெடிட் கார்டு சார்... லைஃப்டைம் ஃப்ரீ சார்..." என்று அவன் வாயைத் திறந்ததுமே வண்டிக்காரர்கள் எல்லாம் காது கேட்காதவர்களாகிவிடுவார்கள். 2023 ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம், ஒருவர் மட்டும் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு அந்தக் குடையைத் தேடி நடந்து வந்தார். பையனுக்கே ஆச்சர்யம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான்.

பான் நம்பரைத் தட்டினான். ஓ.டி.பி கேட்டான். அதுவரை "சார், சார்" என்று உருகிக்கொண்டிருந்தவன், திரையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"சிபில் கொஞ்சம் கம்மியா இருக்குண்ணே."

"எம்புட்டு?"

"578."

சார் எப்போது அண்ணன் ஆனார் என்பதை அவர் கவனிக்காமல் இல்லை.

அவருக்கு 45 வயது. வில்லாபுரத்தில் வாடகை வீடு. கீழமாசி வீதியில் வத்தல், மல்லி மொத்த வியாபாரக் கடையில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறார். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் சரக்கு எடுக்க வருகிற சில்லறைக் கடைக்காரர்களில் பாதிப் பேர் கடனுக்குத்தான் எடுப்பார்கள். புது ஆள் யாராவது வந்தால் முதலாளி இவர் முகத்தைப் பார்ப்பார். "நாணயமான ஆளுதாண்ணாச்சி, குடுக்கலாம்" என்று இவர் சொன்னால் மூட்டை வண்டியேறும். இவர் பேனாவை மூடி வைத்துவிட்டால் ஏறாது. ஒரு தெருவுக்கே சிபிலாக இருந்த மனிதருக்குத் தன்னுடைய சிபில் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

கிரெடிட் கார்டு மேல் அவருக்கு ஆசையெல்லாம் இல்லை. மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்பில் 500-க்கு 463 வாங்கியிருந்தாள். இன்ஜினீயரிங்தான் படிப்பேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். இரண்டு வருடம் கழித்துக் கல்விக் கடன் வாங்காமல் முடியாது. அந்த மாதம்தான் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்கு, சீட் கிடைத்தும் வங்கியில் கடன் இழுபறியாகிக்கொண்டிருந்தது. காரணம், அவனுடைய அப்பாவின் பழைய பாக்கி. கல்விக் கடனில் பிள்ளைதான் முதல் கடன்தாரர் என்றாலும், கூட்டுக் கடன்தாரராக அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தின் ஜாதகத்தை வங்கி பார்க்காமல் விடாது. குறைந்த சிபிலைக் காரணம் காட்டி மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023 மே மாதம்தான் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. சொன்னது சரிதான். ஆனால், ஒவ்வொரு வீட்டுக்காரரும் அதற்காக கோர்ட் படியேற முடியுமா?

கார்டு கிடைக்கிறதா என்று பார்த்தால் தன் நிலைமை தெரிந்துவிடும் என்றுதான் அவர் குடையடிக்குப் போனார். தெரிந்துவிட்டது.

அன்று ராத்திரி வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மகள் கேட்டாளாம், "எத்தனைக்குப்பா 578?" 900-க்கு என்றார். "அப்ப 64 பர்சன்ட். பாஸ்தானப்பா!" அங்கேதான் சிக்கல். பரீட்சை மார்க் சைபரில் ஆரம்பிக்கும். சிபில் 300-ல் ஆரம்பிக்கிறது. 750-க்கு மேல் என்றால் வங்கிக்காரர் நாற்காலி போடுவார். 600-க்குக் கீழே என்றால் வாசலோடு சரி.

இந்த சிபில் என்பது 2000-ம் ஆண்டில் மும்பையில் ஆரம்பித்த நிறுவனம். 2005-ல் இதற்கென்றே மத்திய அரசு தனிச்சட்டம் கொண்டுவந்தது. இன்று சிபிலோடு சேர்த்து எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நம்முடைய கடன் ஜாதகத்தை எழுதிக்கொண்டிருக்கின்றன. நகலெடுக்கும் இயந்திரத்துக்கெல்லாம் நம் ஊரில் ஒரு கம்பெனியின் பெயரையே சொல்வதுபோல, எந்த நிறுவனம் போட்ட மார்க்காக இருந்தாலும் பேச்சில் அது 'சிபில்'தான். இந்த நான்கும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரியிலிருந்து விதி. நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்ப்பதால் மார்க் குறையாது. கார்டு வேண்டும், கடன் வேண்டும் என்று நாலு இடத்தில் விண்ணப்பம் போட்டு, நாலு வங்கியும் எடுத்துப் பார்த்தால்தான் குறையும்.

மகள்தான் போனில் ரிப்போர்ட்டை இறக்கிக் கொடுத்தாள். அதைக் கடையிலிருந்த பிரின்டரில் அச்செடுத்து, பேரேட்டைச் சரிபார்ப்பதுபோல அடிக்கோல் வைத்து வரி வரியாகப் படித்தார் அவர். மூன்று கறைகள் இருந்தன.

முதலாவது, பழைய கிரெடிட் கார்டு. 2017-ல் வாங்கியது, லிமிட் 40,000 ரூபாய். அடுத்த வருடம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவசரத்துக்கு ஏ.டி.எம்-மில் அந்த கார்டைச் செருகி 25,000 ரூபாய் பணமாக எடுத்தார். கார்டில் பொருள் வாங்கினால்தான் கெடு தேதி வரை வட்டி இல்லை. பணமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அது அவருக்குத் தெரியாது. மிச்சமிருந்த லிமிட்டும் மருந்து, மாத்திரை என்று கரைந்தது. பில்லில் 'மினிமம் டியூ 2,000' என்று போட்டிருக்கும். அதை மட்டும் தவறாமல் கட்டினார். ஒழுங்காகத்தான் கட்டுகிறோம் என்ற நினைப்பு.

அந்தக் கணக்கை இப்போது பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார். 40,000 பாக்கி. மாதம் மூன்றரை சதவிகிதம் என்றால் வட்டி 1,400. அந்த வட்டிக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி 252. ஆக 1,652. கட்டிய 2,000-த்தில் அசலுக்குப் போனது 348 ரூபாய்! ஊர்க் கணக்கையெல்லாம் எழுதிய கை, சொந்தக் கணக்கை ஒருநாளும் இப்படிப் போட்டுப் பார்த்ததில்லை. அடகுக் கடையில் இரண்டு வட்டி என்றால் 'ஒண்ணே முக்காலாப் போட்டுக்கங்க' என்று கால் மணி நேரம் பேரம் பேசுகிற ஊர் மதுரை. கந்துவட்டிக்கு எதிராக 2003-ல் தமிழ்நாடு தனிச்சட்டமே போட்டது. அப்படிப்பட்ட ஊரில் மூன்றரை வட்டிக்கு, வழவழ அட்டையைக் காட்டி, நன்றியும் சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று நினைத்து அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. கடை மூடியது, சம்பளம் பாதியானது. அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தள்ளிப்போனது தவணை மட்டும்தான், வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2021-ல் பாக்கி 68,000-த்தைத் தொட்டபோது, வசூலுக்கு வந்த ஆள் நல்ல விதமாகவே பேசினார்: "30,000 ஒரே தடவையாக் கட்டிருங்கண்ணே, அத்தோட முடிச்சுவிட்ருவோம்." மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. கட்டினார். கடிதமும் வந்தது. தலைமுழுகிவிட்டதாக நினைத்து அன்று கோயிலுக்குக்கூடப் போய்வந்தார்கள். ரிப்போர்ட்டிலோ அது 'செட்டில்டு' என்று நிற்கிறது. நம் காதுக்கு 'செட்டில்' என்றால் நல்ல வார்த்தை. 'பையன் செட்டிலாயிட்டான்' என்போம். வங்கியின் மொழியில் 'முழுசாகக் கட்டவில்லை, கிடைத்தது போதும் என்று விட்டுவிட்டோம்' என்று அர்த்தம். முழுசாகக் கட்டினால் மட்டும்தான் 'க்ளோஸ்டு'.

இரண்டாவது கறை, மைத்துனர் வாங்கிய பைக் கடன். இவர் ஜாமீன். மைத்துனர் நாலு தவணை தவறவிட்டது இவர் ரிப்போர்ட்டிலும் நாலு புள்ளியாக விழுந்திருந்தது. ஜாமீன் கையெழுத்து என்பது கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவதுபோல என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் அது ஜாமீன் போட்டவரின் கடன்.

மூன்றாவது, அதே பைக் கடனில் 3,150 ரூபாய் இன்னும் பாக்கி என்று இருந்தது. இது பொய். 2022-லேயே கடைசிப் பைசா வரை கட்டி, தடையில்லாச் சான்றும் வாங்கியாகிவிட்டது. அந்தச் சான்று டிரங்குப் பெட்டிக்குள், சுங்குடிச் சேலைகளுக்கு அடியில் இருந்தது. போட்டோ எடுத்து சிபில் தளத்திலேயே புகார் போட்டார்கள். நாலாவது வாரம் அந்த வரி திருத்தப்பட்டது. இப்போதென்றால் இன்னும் ஒரு பிடி இருக்கிறது: 30 நாளுக்குள் புகாரைத் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

இதற்கு நடுவில், '30 நாளில் சிபில் 750, கட்டணம் 5,000 மட்டும்' என்று ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தது. போன் போட்டால், பான் கார்டையும் ஓ.டி.பி-யையும் கேட்டார்கள். ஓ.டி.பி என்றதும் மகள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். பிழையான வரியை நாமே காசில்லாமல் திருத்தலாம். உண்மையான வரியை எவராலும் அழிக்க முடியாது. இதில் 5,000-த்துக்கு என்ன வேலை?

கறையை அழிக்க முடியாது, சரி. ஆனால், அதற்குக் கீழே நல்ல வரிகளை எழுதலாம். அதற்கு ஒரு கடன் வேண்டும். கடனோ கிடைக்காது. நீச்சல் தெரிந்தால்தான் கிணற்றில் இறங்கலாம், கிணற்றில் இறங்கினால்தான் நீச்சல் வரும் என்ற கதை. இந்த முடிச்சை அவிழ்த்தது அவருடைய மனைவிதான்.

அவர் 12 வருடமாக மகளிர் குழுவில் இருக்கிறார். மதுரைப் பக்கத்துப் பெண்களுக்குக் குழு என்பது புதிதல்ல. அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து, களஞ்சியம் குழுக்களைக் கட்டி எழுப்பிய சின்னப்பிள்ளை, 2001-ல் டெல்லியில் விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டதை இந்த ஊர் மறக்கவில்லை. 2019-ல் அவருக்கு பத்மஸ்ரீயும் வந்தது. 

"எங்க குழுவுல சிபிலும் கிடையாது, கிபிலும் கிடையாது. சேந்தவுடனே கடன் கேட்டா யாரும் தர மாட்டாங்க. ஆறு மாசம் ஒழுங்காச் சேமிக்கணும். அப்புறம் அந்தச் சேமிப்பை வச்சுத்தான் கடன். அதுமாதிரி பேங்குல எதுவும் இல்லையாங்க?"

இருக்கிறது. அதன் பெயர், எஃப்.டி-க்கு எதிரான கார்டு. வங்கியில் ஒரு தொகையை வைப்புநிதியாகப் போட்டால், அதை ஈடாக வைத்துக்கொண்டு, அதில் பெரும்பகுதியை லிமிட்டாக வைத்து கிரெடிட் கார்டு கொடுப்பார்கள். வங்கிக்குப் பயமில்லை, கட்டாவிட்டால் வைப்புநிதியில் எடுத்துக்கொள்வார்கள். அதனால் மார்க்கைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. எஃப்.டி-க்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். முக்கியமாக, இந்த கார்டில் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுவது மற்ற கார்டுகளைப் போலவே ரிப்போர்ட்டில் ஏறும். பல வங்கிகளில் இது உண்டு. பெட்ரோல் பங்கில் மட்டும் இதை யாரும் கூவி விற்பதில்லை.

குழுச் சேமிப்பில் 12,000, உண்டியலில் 3,000, முதலாளியிடம் முன்பணம் 5,000 என்று 20,000 ரூபாய் சேர்ந்தது. வங்கிக் கிளையில் முதலில் இருந்த பெண்ணுக்கே அப்படி ஒரு கார்டு இருப்பது தெரியவில்லை. "உங்களுக்கு எதுக்கு சார் கார்டு? இந்த எஃப்.டி-யே போதுமே" என்றார். மேனேஜரைப் பார்த்துச் சொன்ன பிறகு, ஆகஸ்ட்டில் கார்டு வந்தது. லிமிட் 16,000.

கார்டு வீட்டுக்கு வந்த அன்றே மனைவி அதை வாங்கி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில், அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டார். கேஸ் சிலிண்டர், போன் ரீசார்ஜ், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரன்ட் பில். இந்த மூன்றைத் தவிர கார்டு வெளியே வராது. லிமிட்டில் 30 சதவிகிதத்துக்குமேல் போகக் கூடாது என்று எங்கோ படித்து, '4,800' என்று கேலண்டரில் எழுதி மாட்டினாள் மகள். பில் வந்த மறுநாளே முழுத்தொகையும் கட்டிவிடுவார் அவர். மினிமம் டியூ என்ற கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பில்லையே பார்ப்பாராம்.

ஆறு மாதத்தில் 578 என்பது 601 ஆனது. பொங்கலுக்கு மிக்ஸி ரிப்பேராகி, 'எப்படியும் அடுத்த வாரம் கட்டிவிடப்போகிறோம்' என்று 9,000-த்துக்குப் புது மிக்ஸி வாங்கினார்கள். கட்டியும் விட்டார்கள். ஆனால், அதற்குள் பில் தேதி வந்து, லிமிட்டில் பாதிக்குமேல் பாக்கி என்று ரிப்போர்ட்டில் ஏற, மார்க் 589. மகளுக்குத்தான் கோபம். "ஒரு மிக்ஸிக்கு 12 மார்க்காப்பா?" இது மட்டும் நிரந்தரக் கறையல்ல; அடுத்த சில மாதங்களில் தானாகவே சரியானது.

மிக்ஸியைவிடப் பெரிய சோதனை அந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த மைத்துனர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"மாமா, ஒங்க கார்டுல ஒரு போன் மட்டும் எடுத்துக்கிறேன். 14,000தான். மாசாமாசம் நான் கட்டிர்றேன்."

அவருக்கு வாயடைத்துப்போனது. மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொன்னால் நாளைக்கு மகளின் விசேஷத்துக்கு மாமன் சீர் தூக்க யார் வருவார்? கொடுத்தால், பைக் கடனின் கதைதான் மறுபடி. அவர் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து மனைவி வந்தார்.

"தம்பி, அது ஒன் மாமா கார்டு இல்லடா. ஒன் மருமகளோட காலேஜு பீஸு. அதுல கை வைக்காத."

"நாலு தவணை போச்சுன்னு இன்னுமா சொல்லிக் காட்டுவ?"

"சொல்லிக் காட்டலடா. நானும் கூடப்பொறந்தவதான். ஆனா, தர மாட்டேன்."

மைத்துனர் அழகரைப் பார்க்காமலே பஸ் ஏறினார். எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வருடத் தீபாவளிக்கு அக்காவுக்கு வர வேண்டிய சேலை வரவில்லை. கிரெடிட் ஸ்கோரை உயர்த்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற வீடியோக்கள் எதிலும் இந்தக் கணக்கு வராது.

'செட்டில்டு' மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. விட்டுக்கொடுத்த மிச்சம் 38,000-த்தைக் கட்டினால் 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தருவதாக அந்த வங்கி எழுத்தில் தந்தது. "தள்ளுபடி பண்ணின காசைத் திருப்பிக் கட்டுற ஆளு மதுரையிலயே நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க" என்றார் மனைவி. மகளின் படிப்பு இல்லையென்றால் அவரும் கட்டியிருக்க மாட்டார். இது எல்லாருக்கும் சரியான முடிவு என்றும் சொல்ல முடியாது. கையில் காசே இல்லாதவர் இதற்காக வெளியே வட்டிக்கு வாங்கிக் கட்டுவது பைத்தியக்காரத்தனம். தீபாவளி போனஸும் இரண்டு மாத ஓவர்டைமும் சேர்த்து, 2025 ஜனவரியில் கட்டி முடித்தார். முதலில் எழுத்தில் உறுதி, பிறகுதான் பணம் என்பதில் மட்டும் கறாராக இருந்தார். அந்த மாதம் முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும் என்று விதி மாறியிருந்ததால், வார்த்தை சீக்கிரமே மாறியது. தாமதமான மாதங்களின் தடம் மட்டும் இருந்தது.

2025 ஜூனில் ஒரு செய்தி மறுபடி வயிற்றைக் கலக்கியது. மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் பாங்க் ரத்து செய்தது சரிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. வேலைக்கே பார்க்கிறார்கள் என்றால் கடனுக்குப் பார்க்காமலா இருப்பார்கள்?

ஆகஸ்ட்டில், கவுன்சலிங் முடிந்து, திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் அனுமதிக் கடிதத்தோடு அப்பாவும் மகளும் வங்கிக்குப் போனார்கள். கேட்டது 3,60,000. நாலு லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் தேவையில்லை. அதிகாரி திரையைத் திருப்பிவைத்துப் பார்த்தார். 709.

"2020, 21-ல லேட்டா இருக்கே?"

அவர் எதுவும் பேசாமல் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து வைத்தார். பழைய கார்டின் க்ளோஷர் கடிதம். பைக் கடனின் சான்று. புது கார்டின் 24 மாத பில்கள், தேதிவாரியாக, ஓட்டை போட்டு நூல் கோத்து. கீழமாசி வீதிக் கணக்குப்பிள்ளையின் கட்டு. அதிகாரி கட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். அடுத்த வாரம் சாங்ஷன் கடிதம் வந்தது.

ஜூனில்தான் 18 முடிந்த மகள், முதல் கடன்தாரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தமிழிலா, இங்கிலீஷிலா என்று கேட்டு, தமிழிலேயே போட்டாள். முதல்முறை கடன் வாங்குபவருக்கு வரலாறு இல்லை என்பதை மட்டுமே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதால், அவள் பக்கம் கேள்வி எதுவும் எழவில்லை.

"இன்னையிலிருந்து ஒன் பேருலயும் ரிப்போர்ட் ஆரம்பிக்கும்மா" என்றார் அதிகாரி.

திரும்பி வருகிற டவுன் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கேட்டாள்.

"இப்ப எனக்கு எவ்வளவுப்பா இருக்கும்?"

"இன்னும் ஒண்ணும் இருக்காதும்மா" என்றார் அவர், அந்தக் கவரை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.